கண்ணாடி மாதிரி மின்னும் கிட்டார் பெடல்: வீட்டில் கிளியர் கோட் அடிப்பது எப்படி? கோவைக்காரர்களுக்கு என்ன வசதி?

சர்க்யூட் ரெடி. சாலிடரிங் சுத்தம். மிதிச்சா எல்இடி எரியுது, ஆம்ப்ளிஃபயரில் டிஸ்டார்ஷன் கர்ஜிக்குது. ஆனா பெட்டி மட்டும் இன்னும் வெறும் அலுமினியம். கடையில் வாங்கும் பெடலுக்கும் கையால் செய்த பெடலுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அந்த மேல்பூச்சுதான்.

எலெக்ட்ரானிக்ஸை யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளும் பலரும் தடுக்கி விழும் இடம் இது. பத்து நாள் உழைப்பு, கடைசி ஸ்ப்ரேயில் சுருங்கிப் போகும். சில நேரம் நுரையீரலுக்கே ஆபத்து வரும். கிளியர் கோட் என்றால் என்ன, எதை எங்கே அடிக்கணும், எதை வீட்டில் தொடவே கூடாது? பார்ப்போம்.

முதலில், பெடல்னா என்ன?

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வைத்து, காலால் மிதித்து ஒலியை மாற்றும் சின்னப் பெட்டிதான் எஃபெக்ட்ஸ் பெடல். கிப்சன் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்த ஆரம்பகால பெடல்களில் ஒன்று. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடலில் அந்தக் கரகர ஒலி வந்த பிறகு உலகமே அதைத் தேடியது. இன்று மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போன்ற இந்திய நிறுவனங்களும் பெடல் தயாரிக்கின்றன.

வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது டை-காஸ்ட் அலுமினியப் பெட்டி. கனடாவின் ஹேமண்ட் நிறுவனத்தின் 1590பி மாடல் இதில் பிரபலம். நீளம் சுமார் 112 மில்லிமீட்டர், அகலம் சுமார் 60 மில்லிமீட்டர். அதே அளவில் வரும் மாற்றுப் பெட்டிகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன.

உருக்கிய அலுமினியக் கலவையை அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி வார்ப்பதுதான் டை-காஸ்டிங். மோட்டார், பம்ப், வாகன உதிரிபாகம் என்று வளர்ந்த கோவைக்கு இது புதுசே இல்லை. கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் வளர்ந்தவர்களுக்கு வார்ப்பு, லேத், பெயின்ட் எல்லாமே பக்கத்து வீட்டு விஷயம்.

பளபளப்பு எங்கிருந்து வருது?

நொய்யல் ஆற்றுக் கூழாங்கல் காய்ந்திருக்கும்போது வெளிறித் தெரியும். நனைத்தால் நிறம் திடீரென ஆழமாகும். கல் மாறவில்லை. சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியை நாலாப்பக்கமும் சிதறடித்து வெள்ளை மங்கலை உண்டாக்கியது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சமமாக்கியதும் சிதறல் குறைந்துவிட்டது.

கிளியர் கோட் செய்வதும் இதேதான். காய்ந்தும் போகாத 'தண்ணீர் படலம்' மாதிரி அது நிறத்தின் மேல் நிற்கிறது. அதனால் பளபளப்புக்குக் காரணம் பெயின்ட்டின் விலை இல்லை, மேற்பரப்பு எவ்வளவு சமமா இருக்கு என்பதுதான். தொழிற்சாலைகளில் இதை அளக்க கிளாஸ் மீட்டர் இருக்கிறது. ஒளியை 60 டிகிரி கோணத்தில் அடித்து, மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள்.

எந்த கிளியர்? நாலு வழி

ஒன்று, சாதாரண ஸ்ப்ரே கேன். 1கே அக்ரிலிக் என்று சொல்வார்கள். கடினமாக்கி எதுவும் கிடையாது, கரைப்பான் ஆவியானால் காய்ந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், புதியவர்களுக்கு ஏற்றது. ஆனா பூச்சு மென்மையானது. ஷூ காலில் மிதிபடும் பெடலில் கீறல் சீக்கிரம் விழும்.

இரண்டு, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். பழைய கிட்டார்களின் கிளாசிக் பூச்சு. இதன் மூலப்பொருள் செல்லுலோஸ், அதாவது நம்ம ஊர் பருத்தியில் இருப்பதேதான். அதை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ். நைட்ரஜன் அளவு கூடினால் வெடிமருந்து, கொஞ்சம் குறைந்தால் லாக்கர். ஊட்டி மலை ரயில் போகும் வழியில் உள்ள அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையின் 'கார்டைட்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில் இந்த லாக்கரைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு காருக்கு வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. இது மணிக்கணக்கில் காய்ந்தது. நம்ம ஊர் பெயின்டர்கள் இன்றும் 'டூகோ பெயின்ட்' என்று சொல்வது அந்த பிராண்டின் மிச்சம்தான். மெருகேற்ற அருமையானது. முழுசா இறுக மூணு, நாலு வாரம் ஆகும், எளிதில் தீப்பிடிக்கும்.

மூன்று, 2கே பாலியூரித்தேன். காருக்கு அடிக்கும் கிளியர். ஹார்டனர் கலந்ததும் வேதிவினை தொடங்கி, உறுதியான படலமாக மாறுகிறது. பளபளப்பிலும் வலுவிலும் இதுதான் முன்னணி. ஆபத்திலும் இதுதான். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

நான்கு, பவுடர் கோட்டிங். மின்னூட்டம் கொடுத்த பொடியைப் பெட்டியில் ஒட்டவைத்து, சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் உருக்கி இறுக்குவது. கரைப்பான் வாசனையே இருக்காது. வீட்டில் முடியாது, ஜாப் ஒர்க் யூனிட்டில் கொடுக்கணும்.

ஸ்டெப் பை ஸ்டெப்: ஸ்ப்ரே கேன் முறை

1. துளைகளை முதலிலேயே போடுங்க. பூச்சுக்குப் பிறகு டிரில் போட்டால் ஓரம் பெயர்ந்து வரும். மிதி சுவிட்சுக்குப் பொதுவாக 12 மில்லிமீட்டர் துளை தேவை. பூச்சின் தடிமன் துளையைச் சற்றுக் குறுக்கும், அதனால் கொஞ்சம் தாராளமாக விடுவது நல்லது.

2. எண்ணெய் பிசுக்கை எடுங்க. வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவும் பொருள் பெட்டியில் தங்கியிருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அதுக்கப்புறம் விரலே படக்கூடாது.

3. உப்புத்தாள் போடுங்க. 220-ல் தொடங்கி 400 வரை. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் நொடிகளில் உருவாகிவிடும், சாதாரண பெயின்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அதனால் தேய்த்த கையோடு எட்ச் பிரைமர் அடிப்பது அவசியம். பலர் தவிர்த்துவிடுவதும் இதைத்தான். சில மாதத்தில் பெயின்ட் தோலாக உரிந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

4. நிறம், பிறகு டிசைன். வாட்டர் ஸ்லைடு டீக்கால் ஒட்டினால், அடியில் ஈரம் துளிகூட இல்லாமல் காயவிடணும்.

5. கிளியர்: முதல் கோட் தூவல் மட்டும். இங்கேதான் ஆசை அதிகமாகும். முதல் கோட்டையே ஈரமாக அடித்தால் கரைப்பான் டிசைனின் மையைக் கரைத்துவிடும். சுமார் ஒரு சாண் தூரத்திலிருந்து மூடுபனி மாதிரி ரெண்டு கோட். அது காய்ந்த பிறகுதான் ஈரமான கோட். மொத்தம் ஐந்து, ஆறு மெல்லிய கோட்கள் இருந்தால் பிறகு தேய்ப்பதற்குப் போதுமான தடிமன் கிடைக்கும்.

6. கேனின் பின்பக்கத்தைப் படிங்க. பல எனாமல் வகைக் கேன்களில் 'ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லாவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் கழித்து' என்று இருக்கும். நடுவில் அடித்தால், பாதி இறுகிய கீழ் கோட் உப்பி, பால் ஆடை மாதிரி சுருங்கும். அப்புறம் சுரண்டி எடுத்து முதலிலிருந்துதான்.

7. காத்திருங்க. தொட்டால் காய்ந்ததும் முழுசா இறுகியதும் ஒன்றல்ல. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தால் இன்னும் வாசனை வருதா? கரைப்பான் உள்ளே இருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்தில் நட்டை இறுக்கினால் வாஷர் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

8. வாட்டர் பேப்பர், பிறகு பாலிஷ். ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் தெரியும் மேற்பரப்பை 1000, 1500, 2000 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சமமாக்கணும். இந்தக் கட்டத்தில் பெட்டி மங்கிப்போகும், பயப்பட வேண்டாம். ரப்பிங் காம்பவுண்ட் போட்டதும் பளபளப்பு திரும்பி வரும். ஓரங்களில் மட்டும் ஜாக்கிரதை. கூரான விளிம்பிலிருந்து பெயின்ட் தானாகவே விலகிப்போவதால் அங்கே படலம் மெலிசாக இருக்கும். ரெண்டு இழுப்பு கூடினாலும் உலோகம் தெரிந்துவிடும்.

கோவை வானிலை: எப்போது அடிக்கலாம்?

கோவைக்கு நல்ல மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில் வரும். அந்த ஈரத்தில் லாக்கர் அடித்தால் 'வெண்மூட்டம்' வரும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் பனித்துளியாகப் படிந்து, கிளியர் பால் நிறமாக மாறுகிறது. உலோகத்தின் வெப்பநிலை, பனி படியும் நிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்கணும் என்பது பெயின்ட் துறையின் பொது விதி.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேறு பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மொட்டை மாடியில் அடித்தால் பாதி கேன் பக்கத்து மாடிக்குப் போகும், மீதியில் தூசி ஒட்டும். பிப்ரவரி, மார்ச் மாத வறண்ட காலை நேரம்தான் நல்ல வாய்ப்பு. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வேண்டாம். சுட்ட உலோகத்தில் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மாட்டிய கரைப்பான் குமிழாகக் கிளம்பும்.

பளபளப்புக்காக நுரையீரலா?

2கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தொழில்சார்ந்த ஆஸ்துமாவுக்கு உலகம் முழுக்க அறியப்பட்ட காரணங்களில் இது முக்கியமானது. இதில் பயங்கரமான விஷயம் என்னன்னா, உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை அடைந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சுத்திணறல் வரலாம். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. மூக்குக்குத் தெரிவதற்கு முன்பே அளவு மீறியிருக்கும்.

துணி மாஸ்க் இதற்குப் பயனில்லை. என்95 துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. தொழில்முறை பெயின்ட் பூத்களில் வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம் பரிந்துரைக்கப்படுவது இதனால்தான். தோலில் படுவதும் ஆபத்தே.

சுருக்கமாக: அபார்ட்மென்ட் பால்கனியிலும் பிஜி ரூமிலும் 2கே வேண்டவே வேண்டாம். பெட்டியைத் தயார் செய்து, பெயின்ட் பூத் வசதியுள்ள கார் பெயின்டிங் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே ஒரு பம்பருக்கு கிளியர் கலக்கும் நாளில், உள்ளங்கை அளவுப் பெட்டியையும் சேர்த்து அடித்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்க. 1கே கேனும் விளையாட்டுப் பொருள் இல்லை. திறந்த வெளி, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாத இடம், மூணும் கட்டாயம்.

பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது என்ன கேட்கணும்?

பம்ப், கிரைண்டர், வாகன பாகங்களுக்காக இயங்கும் பவுடர் கோட்டிங் யூனிட்கள் கோவையில் இருப்பது பெரிய வசதி. ஆனா டை-காஸ்ட் உலோகத்துக்குள் நுண்ணிய காற்றறைகள் இருக்கும். அடுப்புச் சூட்டில் அந்தக் காற்று வெளியேறி, பூச்சில் ஊசித்துளை விழும். 'பொடி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருமுறை சூடுபடுத்தி காற்றை வெளியேத்திடுவீங்களா அண்ணா?' என்று கேளுங்க. தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார்.

அடுப்புச் சூட்டை டீக்கால் தாங்காது. அதனால் நிறம் மட்டும் பவுடரில், அதன் மேல் லேசாகத் தேய்த்து டிசைன், கடைசியாக ஸ்ப்ரே கிளியர் என்று கலந்து செய்வது நடைமுறைக்கு ஏற்றது.

ரொம்ப முக்கியம்: உள்ளே அடிக்காதீங்க

உலோகப் பெட்டி அழகுக்காக மட்டும் இல்லை. வீட்டு மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் சர்க்யூட்டுக்குள் நுழையாமல் தடுக்கும் கவசம் அது. ஜாக்கின் உலோகப் பகுதி பெட்டியின் உட்பக்கத்தைத் தொடுவதால்தான் பெட்டி கிரவுண்ட் ஆகிறது. கிளியர் கோட் மின்சாரம் கடத்தாது. உள்ளே பூச்சு படிந்தால் அந்தத் தொடர்பு அறுந்து, 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஆம்ப்ளிஃபயரில் கேட்கும். சர்க்யூட்டில்தான் தப்பு என்று இரவெல்லாம் சாலிடரைத் துழாவ வேண்டிவரும்.

அடிப்பதற்கு முன் உட்பக்கம், மூடி உட்காரும் விளிம்பு, திருகு துளைகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்க. பூச்சு முடிந்ததும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஜாக்கின் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும், பிறகு மூடிக்கும் தொட்டுப் பாருங்க. ரெண்டு இடத்திலும் 'பீப்' வந்தால் போதும்.

கடைசியா ஒரு செக்லிஸ்ட்

* முதல் பெடலுக்கு 1கே அக்ரிலிக் போதும். பழைய அலுமினியத் துண்டில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு பெட்டிக்கு வாங்க.
* பிரைமர், நிறம், கிளியர் மூன்றும் ஒரே பிராண்டாக இருந்தால் ஒன்றை ஒன்று கரைக்கும் ஆபத்து குறைவு.
* கேனை வெயிலில் நிறுத்திய காரிலோ, ஸ்கூட்டர் டிக்கியிலோ விடாதீங்க. 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கும் அபாயம்.
* நட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் நைலான் வாஷர் போட்டால் பூச்சு விரிசல் விடாது.
* கச்சேரி அடுத்த வாரம் என்றால், இந்த வாரம் கிளியர் அடிக்காதீங்க. வெறும் அலுமினியத்தோடு வாசிச்சாலும் சவுண்டு அதே சவுண்டுதான்.