குவைத் நகுதாக்களும் அவர்தம் கலங்களும்

நகுதா என்பது கலத்தின் தலைவனைக் குறிக்கும் பாரசீகச் சொல். இந்தியப் பெருங்கடலின் கரைகள் பலவற்றில் வழங்கிய இச்சொல் தமிழ்க் கடற்கரை முஸ்லிம்களுக்கும் அந்நியமானதன்று. குவைத்தில் நகுதாக்களுள் சிலர் சொந்தக் கலத்தைச் செலுத்தினர். வேறு சிலர் வணிகக் குடும்பங்களின் கலங்களை நடத்தினர். கலம் எவருடைய உடைமையாயினும், அதன் புகழும் பழியும் நகுதாவையே சார்ந்தன. பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் அவர்கள் திவானிய்யா எனப்படும் கூடங்களில் அமர்ந்து, தத்தம் கலத்தின் விரைவையும் தாங்கள் கடந்துவந்த புயல்களையும் பேசி மகிழ்ந்தனர். அப்பேச்சுகளை வெறும் தற்பெருமை என்று ஒதுக்கிவிட இயலுமா?

முதலில், பெருமைப்படத்தக்க பொருளாக அக்கலம் இருந்தது என்பதை உணர வேண்டும். குவைத்தில் மரம் விளைவதில்லை. கலம் கட்டுவதற்கான தேக்கு மலபார்க் கரையிலிருந்து கடல் கடந்து வந்தது. உஸ்தாத் எனப்பட்ட தலைமைத் தச்சர் வரைபடம் எதுவுமின்றி, கண்ணளவாலும் கையளவாலும் கலத்தை உருவாக்கினார். முதலில் வெளிப்பலகைகளை இணைத்து உடலை வடிவமைத்து, அதன்பின் உள்ளே வளைகால்களைப் பொருத்துவது அவர்தம் முறை. சதுரமான பின்புறத்தில் செதுக்கு வேலைப்பாடுகள் கொண்ட பழைய ‘பக்லா’வின் இடத்தை, இருமுனையும் கூர்மையான ‘பூம்’ பிற்காலத்தில் பிடித்தது. இவ்வாறு ஒவ்வொரு கலமும் தனித்தனியே கையால் பிறந்தமையால், ஒன்றைப்போல் மற்றொன்று இருந்ததில்லை. எனவேதான் ஒவ்வொரு நகுதாவுக்கும் தன் கலத்தைப் பற்றிச் சொல்லத் தனிக் கதை இருந்தது.

இரண்டாவதாக, அப்பேச்சு ஓர் அறிவுப் பரிமாற்றமாகவும் விளங்கியது. பேரீச்சை அறுவடை முடிந்ததும் கலங்கள் ஷத்துல் அரபில் சரக்கேற்றிப் புறப்படும். சில கராச்சி, பம்பாய், கள்ளிக்கோட்டைத் துறைகளுக்குச் செல்லும். சில ஏடன் வழியாக ஸன்ஸிபார்வரை செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றில் ஆப்பிரிக்கக் கரையை அடைந்தவை, காற்று திசைமாறும் காலத்தில் திரும்பின. எந்த முனையில் நீரோட்டம் இழுக்கும், எந்தத் துறையில் நங்கூரம் நிலைக்கும் என்பனவற்றை இளையோர் நூல்களில் மட்டுமன்றி, மூத்தோரின் நினைவுகளிலும் கற்றனர். பயணக் கதையே பாடமாயிற்று.

ஆயினும் அக்கதைகள் முழு உண்மையையும் சொல்லிவிடவில்லை. ஆஸ்திரேலியக் கடலோடியும் எழுத்தாளருமான ஆலன் வில்லியர்ஸ், 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் ‘பயான்’ என்னும் பூமில் ஏறி, நகுதா அலீ பின் நாஸிர் அந்நஜ்தியுடன் ஆப்பிரிக்கக் கரைவரை சென்று 1939இல் குவைத்தை அடைந்தார். 1940இல் வெளிவந்த அவரது நூல் நகுதாவின் திறமையை வியப்பதோடு நில்லாமல், மாலுமிகளின் துயரையும் பதிவு செய்கிறது. ரூஃபிஜி ஆற்றுமுகத்தின் சேற்றில் இறங்கி அவர்கள் சதுப்புநிலக் கம்புகளைக் கலத்தில் ஏற்றினர். குவைத் வீடுகளின் கூரைகளைத் தாங்கியவை அத்தகைய கம்புகளே. வருவாயில் செலவு போக ஒரு பாதி கலத்திற்கும் மறுபாதி அதில் உழைத்தோருக்கும் என்பது வழக்கம். அவ்வாறு கிடைத்த பங்கு போதாமல் மாலுமிகள் பலர் கடனிலேயே வாழ்ந்தனர். திவானிய்யாவில் ஒலித்த பெருமிதத்திற்கு அவர்களும் உரியவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் குவைத் எண்ணெய் முதன்முதலாக ஏற்றுமதியாயிற்று. நிலையான கூலியை நாடி மாலுமிகள் கரையேறினர். அடுத்த சில ஆண்டுகளில் பாய்மர வணிகம் முடிவுற்றது. கலங்கள் விற்கப்பட்டன, எஞ்சியவை சிதைந்தன. தேசிய அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டிருந்த, 1937இல் கட்டப்பட்ட ‘அல்முஹல்லப்’, 1990–91 ஈராக்கிய ஆக்கிரமிப்பின்போது எரிந்து சாம்பலானது. 1938இல் கட்டப்பட்ட ‘ஃபத்ஹுல் கைர்’ தப்பிப் பிழைத்து, ஸால்மிய்யாவிலுள்ள அறிவியல் மையத்தின் காட்சிப்பொருளாயிற்று.

கலங்கள் மறைந்தபின் எஞ்சியது நினைவுதான். அதன் மதிப்பை உணர்ந்த வரலாற்றறிஞர் யஃகூப் யூஸுஃப் அல்ஹிஜ்ஜீ, முதிய நகுதாக்களின் வாய்மொழிகளையும் அவர்தம் பயணக் குறிப்பேடுகளையும் திரட்டி நூல்களாக்கினார். அன்று கூடத்துப் பேச்சாக இருந்தது இன்று வரலாற்றுச் சான்றாக நிற்கிறது. 1986 முதல் குவைத் கடல் விளையாட்டுக் கழகம் இளைஞர்களுக்கு முத்துக்குளிப்புப் பயணங்களை நடத்தத் தொடங்கியதும் அந்நினைவைக் காக்கும் முயற்சியே.

நகுதா அந்நஜ்தி 1979இல் கடலிலேயே உயிர் நீத்தார். வணிகத்திற்காக அன்று, முதுமையில் மீன்பிடிக்கச் சென்றபோது எழுந்த புயலில். பிழைப்புக்கான தேவை நீங்கிய பின்னரும் கடல் அவரை விட்டு நீங்கவில்லை. நகுதாக்களின் பெருமிதம் செல்வத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? நம் கடற்கரை ஊர்களிலும் பாய்மர நாள்களைப் பற்றிய கதைகள் முதியோரிடம் எஞ்சியிருக்கலாம். அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது நம் தலைமுறையின் கடமை. கலத்தின் பெயரையும் தலைவனின் பெயரையும் குறிப்பதோடு, பாய்க்கயிற்றை இழுத்தவனின் பெயரையும் அதில் சேர்த்தெழுத வேண்டும்.