தக்காளியின் கலப்பு மணம்

தக்காளிக்குக் கொடிய சத்துருக்கள் மூன்று: இலைச்சுருட்டு, வாடல், இலைக்கருகல். இம்மூன்றையும் ஒருங்கே எதிர்க்கும் கலப்பினத்தை நமது தேசத்து விஞ்ஞானிகளே சிருஷ்டித்திருப்பது நமக்குப் பெருமை. பெங்களூரையடுத்த ஹெஸரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 2010-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'அர்க்கா ரக்ஷக்' அது. நன்கு பேணினால் செடியொன்று 18 கிலோ வரை காய்க்கும். கனியோ 15 நாள் கெடாதிருக்கும். விலை வீழ்ந்த அன்று கூடை கூடையாகத் தெருவில் கொட்டிவிட்டுத் திரும்பும் குடியானவனைக் கேளுங்கள், அந்த 15 நாளின் அருமையை!

விதை உண்டாக்குவது பொறுமையான காரியம். மலரப்போகும் மொட்டின் மகரந்தப் பைகளை இடுக்கியால் களைந்து, மற்றோர் இனத்தின் தாதைப் பூப்பூவாகக் கையால் தடவவேண்டும். ஆனால் இக்கனியின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் குணம் சிதறிவிடும். ஆகவே போகந்தோறும் புதுவிதை வாங்கியே தீரவேண்டும். நம் பாட்டிமார் சாம்பலில் பிசறி எடுத்துவைத்த நாட்டுவிதைக்கு இந்தச் செலவில்லை. ரஸத்துக்கும் அதன் புளிப்பே நமக்குப் பிடிக்கிறது.