‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’: முடக்குவாதக் கட்டுரையை வகுப்பில் விளக்க

கருத்தறிதலுக்கு உடல்நலக் கட்டுரை கொடுத்தால் உயர்நிலைப் பிள்ளைங்க தடுமாறுற ஒரு சொல் ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’. அழுத்தம்னு பார்த்ததுமே மன அழுத்தம், இல்லன்னா இரத்த அழுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் இல்லை. செல்களைத் தாக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, உடலால் அவற்றைத் தணிக்க முடியாமல் போகும் நிலை அது. இரும்பு துருப்பிடிப்பதிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்த பாதிக்கு முடக்குவாதம் நல்ல எடுத்துக்காட்டு. வயதாகி மூட்டு தேய்வது வேறு, இது வேறு. இதில் நோய் எதிர்ப்பு ஆற்றல் நம்முடைய மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. இளவயதிலும் வரும், பெண்களிடம் அதிகம்.

மூட்டுக்குள்ள என்ன நடக்குது? கிருமி புகுந்துவிட்டதைப் போல வெள்ளை அணுக்கள் குவிகின்றன. அவை சூப்பராக்சைடைத் தயாரிக்கின்றன. அது ஹைட்ரஜன் பெராக்சைடாகி, பிறகு ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. நீச்சல் குளத்தில் குளோரின் போட்டதும் கிருமியைக் கொல்வது இதே அமிலம்தான். இதைச் சொன்னால் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்! மூட்டிலோ கிருமியே இல்லை. அதனால் அடி நம் திசுக்கள்மேல் விழுகிறது. மூட்டுத் திரவத்துக்கு வழுவழுப்புத் தரும் ஹையலூரோனிக் அமிலம் துண்டுதுண்டாகித் திரவம் நீர்த்துப்போகிறது, குருத்தெலும்பும் கெடுகிறது.

இன்னொரு பக்கம், வீங்கிய சவ்வில் பெருகிய செல்களுக்கு ஆக்சிஜன் பத்தாது. (ஆக்சிஜனால் கேடுன்னு சொல்லிட்டு இப்ப பத்தலைங்கிறீங்களே என்று ஒரு பிள்ளையாவது கேட்கணும். தட்டுப்பாட்டில் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து எலெக்ட்ரான்கள் கசியும். அதுவே வீரிய மூலக்கூறுகளைக் கூட்டும்.) ஆக்சிஜன் குறைவதால் செல்கள் குளுக்கோஸை முழுசாக எரிக்காமல் லாக்டிக் அமிலத்தை வெளியே தள்ளுகின்றன. மூட்டுத் திரவத்தில் குளுக்கோஸ் குறைந்து அமிலத்தன்மை கூடுகிறது. அந்த அமிலம் வெறும் கழிவாகக் கிடப்பதில்லை, அழற்சியையும் தூண்டிவிடுகிறது.

“அப்ப ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போதுமா டீச்சர்?” போதாது. பழமும் கீரையும் நல்லதுதான். ஆனால் தாக்குதலை அடக்குவது மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளே. மருத்துவம் தள்ளிப்போனால், அரிக்கப்பட்ட எலும்பு பழையபடி ஆகாது.

மெத்தோட்ரெக்சேட்டை இந்நோய்க்கு வாரம் ஒருமுறைதான் சாப்பிடணும். தவறி நாள்தோறும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. பாட்டியின் மருந்து உறையில் ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்வது பல வீடுகளில் நம் மாணவர்தான். அதனால் கருத்தறிதல் முடிந்ததும் ஒரு மருந்து உறையை மொழிபெயர்க்கக் கொடுங்கள். ‘வாரம் ஒருமுறை’, ‘நாள்தோறும்’, ‘உணவுக்குப் பின்’ மூன்றும் அதில் இருக்கட்டும்.