முழங்கை மாற்றுச் சத்திரசிகிச்சை: இருபது வருடங்களுக்குப் பிறகு என்ன?

என் ராத்தாவுக்கு முடக்குவாதம் வந்து இருபது வருடங்களாகின்றன. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, கடைசியில் வலது முழங்கை. கையை மடக்கிச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வுழூச் செய்யும்போது முகம் கழுவவும் மகளின் உதவி வேண்டும். சென்ற வருடம் வைத்தியர், முழங்கை மூட்டை மாற்றலாம் என்றார். "தம்பி, இது எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?" என்று ராத்தா என்னிடம் கேட்டார்.

நான் வைத்தியரல்ல, ஆசிரியர். வாசித்தும் வைத்தியரிடம் கேட்டும் விளங்கிக்கொண்டதை, இதே கேள்வியோடு இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முடக்குவாதம் வெறும் தேய்மானம் அல்ல. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. வீங்கிய சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. மருந்தால் கட்டுப்படாமல் மூட்டு முற்றாகச் சிதைந்த பிறகே மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசுவார்கள். மேற்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் உலோகத் தண்டுகளை இறக்கி, எலும்புச் சீமெந்தால் பிடிக்கச் செய்து, கதவுப் பிணைச்சல் போல இரண்டையும் இணைப்பது இன்று அதிகம் செய்யப்படும் முறை.

பலன் என்ன? பெரும்பாலானோருக்கு வலி நன்றாகக் குறைகிறது. சாப்பிட, தலை வார, முகம் கழுவத் தேவையான அளவுக்குக் கை மடங்குகிறது. ஆயுள் பற்றி, அமெரிக்காவின் மேயோ கிளினிக் முடக்குவாத நோயாளிகளின் 461 முழங்கைகளை ஆராய்ந்து 2016 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மீண்டும் மாற்றவோ அகற்றவோ தேவைப்படாமல் 10 வருடங்களில் 92 சதவீதமும், 15 வருடங்களில் 83 சதவீதமும், 20 வருடங்களில் 68 சதவீதமும் நிலைத்திருந்தன. அனுபவம் மிகுந்த ஓரிடத்தின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது.

அறுபது வயதுக்காரருக்கு இது நல்ல செய்தி. முப்பத்தைந்து வயதுக்காரர் யோசிக்க வேண்டும். மூட்டு தளர்ந்தால் இரண்டாவது சத்திரசிகிச்சை முதலாவதை விடக் கடினமானது, ஏனெனில் எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளை விட முழங்கையில் கிருமித் தொற்றும் அதிகம். அங்கே தோல் மெல்லியது. நோயாளி எடுக்கும் மருந்துகளும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. சின்னவிரல் பக்கம் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் விறைப்பதும் உண்டு.

இனி, பலரும் கவனிக்காத விடயம். மூட்டு மாற்றிய கையால் ஆயுள் முழுவதும் பாரம் தூக்கக் கூடாது. ஒரே தடவையில் ஏறத்தாழ 4.5 கிலோவும், திரும்பத் திரும்பத் தூக்குவதானால் ஒரு கிலோவுமே எல்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தண்ணீர் வாளியும் சோற்றுப் பானையும் இந்த எல்லைக்குள் அடங்காது. ஸுஜூதிலிருந்து அந்தக் கையை ஊன்றி எழும்புவதும் உடற்பாரத்தை மூட்டில் ஏற்றுவதுதான். இதை வைத்தியரிடம் கேளுங்கள். கதிரையில் இருந்து தொழுவது பற்றி ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள்.

நம் வீடுகளில் வலி குறைந்த பெண் மறுநாளே அடுப்படிக்குப் போய்விடுவாள். "இப்போ சுகம்தானே" என்று நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மூட்டு எத்தனை வருடம் நிலைக்கும் என்பது சத்திரசிகிச்சை நிபுணரின் திறமையில் மட்டுமல்ல, வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் அவளது வேலையைப் பகிர்ந்துகொள்வதிலும் தங்கியிருக்கிறது.

ராத்தா சம்மதித்துவிட்டார். வாளி தூக்கும் பொறுப்பை மகன்மார் ஏற்றிருக்கிறார்கள். அவருக்காக துஆச் செய்யுங்கள்.

விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக விறைத்திருந்தால், எண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் போங்கள். மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை உரிய நேரத்தில் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், பலருக்கு இந்தச் சத்திரசிகிச்சையே தேவைப்படாது.