உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்க நீதிமன்றங்கள்: அம்மா வழக்கும் மகன் தீர்ப்பும்

● அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். ஆனால் அந்த எண் அரசியல் சாசனத்தில் எங்கும் இல்லை. 1789-ல் ஆறு பேர். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-ல் பத்து. 1869-ல்தான் நாடாளுமன்றம் ஒன்பது என்று நிறுத்தியது. ஓய்வு வயது கிடையாது. சட்டப் படிப்புகூடக் கட்டாயமில்லை. 1941-ல் நீதிபதியான ராபர்ட் ஜாக்சன் சட்டக் கல்லூரிக்குப் போனது ஒரே ஓராண்டு. நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களுக்கு எதிராக அமெரிக்கத் தரப்பில் வழக்கு நடத்தியவரும் அவர்தான்.

● 1981-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் ஆன் கோர்சச் என்ற பெண்மணி. ஆலையின் ஒவ்வொரு புகைபோக்கியையும் தனித்தனியே கணக்கிட வேண்டாம், முழு ஆலையையும் ஒன்றாகப் பார்த்தால் போதும் என்று அவருடைய துறை விதியைத் தளர்த்தியது. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982-ல் விதி செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர், பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரூத் பேடர் கின்ஸ்பர்க். 1984-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, துறையின் பக்கம் நின்றது. சட்ட வாசகம் தெளிவாக இல்லாதபோது துறை சொல்லும் பொருள் நியாயமாக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும் என்றது. இதுதான் 'செவ்ரான் கோட்பாடு'. நாற்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான வழக்குகளில் எடுத்தாளப்பட்டது.

அதைக் கவிழ்த்தவர்கள் மீனவர்கள்! ஹெர்ரிங் மீன்பிடிப் படகில் அரசின் கண்காணிப்பாளரை ஏற்றிக்கொள், அவருக்கான கூலியையும் நீயே கொடு என்றது ஒரு விதி. நாளொன்றுக்கு 710 டாலர் வரை ஆகுமாம். கோபம் வராதா? வழக்குப் போட்டார்கள். 2024 ஜூன் 28-ல் உச்ச நீதிமன்றத்தில் செவ்ரான் கோட்பாடு செத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸுடையது. அதோடு உடன்பட்டு, செவ்ரானுக்குத் தனியே நீண்ட இரங்கலுரை போல எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். ஆன் கோர்சச்சின் மகன்! மீனவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் சட்டத்தின் இண்டு இடுக்குகளுக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் அதிகாரிகளின் கையிலிருந்து நீதிபதிகளின் கைக்குப் போனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

● செத்தவர் ஜெயித்த வழக்கும் உண்டு. வணிக ஆணைய உறுப்பினர் வில்லியம் ஹம்ஃப்ரியை 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் நீக்கினார். அவரோ, 'நான் இன்னும் பதவியில்தான் இருக்கிறேன்' என்று பிடிவாதம் பிடித்தார். 1934-ல் இறந்தும் போனார். சம்பளப் பாக்கி கேட்டு வழக்குப் போட்டது அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பிலிருந்தவர். சுயேச்சையான ஆணைய உறுப்பினர்களை அதிபர் இஷ்டத்துக்கு நீக்க முடியாது என்று 1935-ல் நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு இனியும் நிற்கலாமா என்ற வாதத்தை 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டது. அந்த முறை ஆணைய உறுப்பினரை நீக்கியவர், அதிபர் டிரம்ப்.

● நீதிபதிகள் கூடி முடிவெடுக்கும் அறைக்குள் குமாஸ்தா உட்பட வேறு யாருக்கும் அனுமதி இல்லை. கதவு தட்டப்பட்டால் எழுந்து போய்த் திறப்பது கடைசியாக வந்து சேர்ந்த நீதிபதியின் வேலை. கான்டீன் குழுவிலும் அவரைத்தான் போடுவார்கள். எலெனா ககன் அந்தக் குழுவில் இருந்தபோது கான்டீனுக்கு உறைதயிர் இயந்திரம் வாங்கிப் போட்டார்.

● 1982-ல் கின்ஸ்பர்க் அமர்ந்திருந்த அதே வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2020-ல் தலைமை நீதிபதியானவர் ஸ்ரீ ஸ்ரீனிவாசன். பிறந்தது சண்டிகரில், அப்பாவின் ஊர் திருநெல்வேலி பக்கத்து மேலத்திருவேங்கடநாதபுரம். 2013-ல் செனட் அவரை 97-க்கு 0 என்ற வாக்கில் ஏற்றது.

● அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள் கேமரா நுழைய முடியாது. ஆனால் கொரோனாவின்போது, 2020 மே மாதம் தொடங்கிய நேரடி ஒலிபரப்பு இன்றும் தொடர்கிறது. வாதங்கள் அங்கே காலை 10 மணிக்கு ஆரம்பம். நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். சட்டம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நாளாவது கேட்கச் சொல்லுங்கள்.