டெஸ்டர் எரிகிறது, மானிட்டர் எரியவில்லை

அறுவை அரங்கில் மயக்க மருந்து தரும் இயந்திரத்தை இன்றும் 'பாயில்ஸ்' என்று சொல்பவர்கள் உண்டு. லண்டன் மருத்துவர் பாயில் 1917-ல் உருவாக்கிய அந்த முதல் இயந்திரத்துக்கு மின்சாரமே தேவைப்படவில்லை. 2022-ல் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்கு இன்று வரும் இயந்திரங்கள் வேறு வகை. சுவரிலிருந்து ஒரே ஒயர் உள்ளே போகும். பல இயந்திரங்களின் முதுகில் மூன்று நான்கு சாக்கெட்டுகள் இருக்கும். மானிட்டரும் சிரிஞ்ச் பம்பும் அங்கேதான் சொருகப்படும்.

அவற்றில் ஒரு சாக்கெட் செத்துப்போகிறது. டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. மானிட்டரோ அசையவில்லை!

டெஸ்டருக்குள் ஒரு குட்டி நியான் விளக்கும் சுமார் 10 லட்சம் ஓம் மின்தடையும் உண்டு. 230 வோல்ட்டிலும் அதன் வழியே கால் மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அதுவும் நம் உடல் வழியாகவே தரைக்குப் போகிறது; நமக்குத் தெரிவதில்லை. ஆகவே டெஸ்டர் எரிய பேஸ் மட்டும் போதும். மானிட்டருக்கு நியூட்ரலும் வேண்டும். மருத்துவக் கருவிகளில் பேஸ், நியூட்ரல் இரண்டிலுமே ஃபியூஸ் வைப்பது வழக்கம். சுவர் சாக்கெட்டில் ஒயரை யாராவது மாற்றி இணைத்திருந்தாலும் பாதுகாப்பு தவறக்கூடாது என்ற முன்யோசனை அது. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் இந்தப் புதிர்தான்.

இதற்கு நேர்மாறான புதிரும் உண்டு. சில இயந்திரங்களில் சாக்கெட்டுக்கு முன்னால் பிரிப்பு மின்மாற்றி இருக்கும். ஒன்றையொன்று தொடாத இரண்டு கம்பிச் சுருள்கள். காந்தப்புலம் மட்டுமே ஆற்றலைக் கடத்தும். வெளிவரும் மின்சாரத்துக்குத் தரையோடு தொடர்பில்லை. கருவி நன்றாக ஓடும், டெஸ்டர் மங்கும் அல்லது எரியவே எரியாது. இரு துளைகளுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவு ஏற்பாடும் இதயத்துக்காக. தோல் வழியே பாயும் மின்சாரம் இதயத் துடிப்பைக் குலைக்க ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் வேண்டும். இதயத்துக்குள் நுழைத்த கம்பி வழியே போனால் 0.1 மில்லி ஆம்பியரே போதும். நாம் உணராத டெஸ்டர் மின்சாரத்தில் பாதிகூட இல்லை! அதனால்தான் இதயத்தைத் தொடும் கருவிகளில் சாதாரண நிலையில் கசிவு 0.01 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்கிறது சர்வதேசத் தரவிதி.

சாக்கெட் செத்துப்போகக் காரணம் சில நேரம் மிக எளிது. நோயாளியைக் கதகதப்பாக வைக்கும் 1000 வாட் வெப்பக்காற்றுக் கருவியை யாரோ அங்கே சொருகியிருப்பார்கள். அது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாக்கெட்டுக்கு ஃபியூஸுக்குப் பதில் 3 ஆம்பியர் பிரேக்கர் இருந்தால் அதன் பொத்தான் துள்ளி வெளியே நிற்கும். அந்தக் கருவியைக் கழற்றிச் சுவரில் சொருகிய பிறகே பொத்தானை அமுக்க வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களே, டெஸ்டர் எரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அதே பாயின்ட்டில் ஒரு டேபிள் ஃபேனைச் சொருகிப் பாருங்கள். அது சுற்றவில்லை என்றால் பழுது கருவியில் இல்லை. கருவியை வேறு நல்ல பாயின்ட்டுக்கு மாற்றிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.