பனியில் கரையும் யூரியா

விடியற்காலையில் புல்தரைக்கு யூரியா தூவுவது பலருக்குப் பழக்கம். வெயில் ஏறவில்லை, புல்லில் பனி இருக்கிறது, உரம் சீக்கிரம் கரைந்துவிடும் என்று கணக்கு. கரையத்தான் செய்கிறது, வினையே அங்கேதான்.

குனிந்து புல்லை விலக்கிப் பாருங்கள். வெள்ளைக் குருணை மண்ணைத் தொட்டிருக்காது. நாள்பட்ட புல்தரையில் பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டும் வேரும் பின்னிக்கொண்டு பழுப்பு மெத்தை மாதிரி கிடக்கும். கோல்ஃப் மைதானத்துக்காரர்கள் அதை 'தாட்ச்' என்பார்கள். குருணை அதில்தான் உட்கார்ந்திருக்கும். யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதிக்கு அந்த மெத்தையில் பஞ்சமே இல்லை. பனி ஈரம் குருணையைக் கரைக்கும், கீழே இறக்காது. நொதி அங்கேயே வேலையைத் தொடங்க, குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறும், அம்மோனியா வாயு கிளம்பும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. அதில் ஒரு பங்கு இப்படி ஆகாயத்துக்குப் போகிறது.

இந்த யூரியேஸ் லேசுப்பட்டதல்ல. 1926-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர், வாளவரை இனத்துப் பயறு ஒன்றின் மாவிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். படிகமாகக் கிடைத்த முதல் நொதி இதுதான். 1946-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்த ஆவி இழப்புக்கு மருந்து தண்ணீர்தான். யூரியாவுக்கு மின்னூட்டம் கிடையாது. மண் அதைப் பிடித்து வைக்காது, தண்ணீர் போகிற பக்கம் போகும். தூவிய கையோடு சுமார் அரை அங்குலம் பாய்ச்சினால் மெத்தையைத் தாண்டி இறங்கிவிடும். தெளிப்பான் அடியில் நேர்ச்சுவர் உள்ள டப்பா ஒன்றை வைத்தால் அளவு தெரிந்துவிடும். மண்ணுக்குள் போய் உடைந்தால், வரும் அம்மோனியத்தைக் களித்துகள் பிடித்துக்கொள்ளும். மணல்தரையில் மட்டும் கை அடக்கம் வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் சத்து வேரைத் தாண்டி ஓடிவிடும்.

பூச்சு யூரியாவும் உண்டு. 1960-களில் அலபாமாவில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் உருவாக்கிய கந்தகப் பூச்சு, உரத்தை மெல்ல மெல்லக் கசியவிடும். 'என்பிபிடி' என்ற வேதிப்பொருள் நொதியையே ஓரிரு வாரம் கட்டிப்போடும். நம் கடைகளில் கிடைப்பது வேம்பு பூசியது. வேம்பு முக்கியமாகத் தடுப்பது, அம்மோனியமானது நைட்ரேட்டாக மாறுவதை; அதற்கு முன்பே நடந்துவிடும் இந்த ஆவி இழப்புக்கு அதை நம்பி இருக்க முடியாது.

தண்ணீர் முறை நாளைக்குத்தான் என்றால் மூட்டையையும் நாளைக்கே பிரியுங்கள்.